சுவர் நம்முடையது, படம் யாருடையது?

வீட்டுச் சுவரில் எதை மாட்டுகிறோம் என்பது அரசியல். இதைச் சொன்னால் நண்பர்கள் சிரிக்கிறார்கள். நிலம் அரசியல், தண்ணீர் அரசியல், சுடுகாட்டுப் பாதை அரசியல், ஒத்துக்கறோம். ஆணியில தொங்குற படத்துல என்னய்யா அரசியல் என்கிறார்கள். சரி, அரசியல் இல்லையென்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் நம்மாட்கள் பேங்க் லோன் போட்டுக் கட்டிய புதுவீடுகளில் எல்லாம் ஏன் அதே ஏழு வெள்ளைக் குதிரைகள் ஓடிக்கொண்டிருக்கின்றன? யார் அவிழ்த்துவிட்டது அவற்றை?

அந்த லோன் காகிதங்களைக் கையில் வாங்கி அடுக்குகிற ஆள் நான். ஒரு சிறுநகரத்து வங்கிக் கிளையில் கிளார்க். புதுமனைப் புகுவிழா என்று கூப்பிடுகிறார்கள், போகிறேன். வாஸ்துக்காரன் சொன்ன ஏழு குதிரை. மூன்று துண்டாக வெட்டி மாட்டிய நீர்வீழ்ச்சி. தண்ணீர் சுத்தப்படுத்துகிற மெஷினுக்குப் பக்கத்தில் கண்மூடிய புத்தர் முகம். எல்லாம் கம்ப்யூட்டரில் எடுத்து கேன்வாஸ் துணியில் அடித்தவை. தூரிகை பட்ட மாதிரி மேடுபள்ளம்கூட மெஷினே போட்டுத் தருகிறது. சட்டத்தோடு சேர்த்து இரண்டாயிரமோ மூவாயிரமோ கொடுத்திருப்பார்கள்.

நான் சொல்ல வருவது இதுதான். அதே காசுக்கு, சில சமயம் அதைவிடக் குறைந்த காசுக்கு, ஒரு மனுஷியோ மனுஷனோ உட்கார்ந்து கையால் வரைந்த அசல் ஓவியம் கிடைக்கும். உலகத்திலேயே ஒன்றாக மட்டும் இருக்கிற படம். அப்படி ஒன்று நமக்குக் கிடைக்கும் என்பதே நமக்குத் தெரியாது. தெரியாமலேயே வைத்திருக்கிறார்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது: அந்த 'மலிவு' யார் வயிற்றிலிருந்து வருகிறது என்பதையும் கேட்காமல் வாங்கக் கூடாது.

அச்சுக்கு எதிரியா நீ என்று உடனே ஒருவர் கிளம்புவார். இல்லை. அச்சுக்கு நாம் கடன்பட்டவர்கள். 1894இல் ரவி வர்மா பம்பாயில் அச்சுக்கூடம் தொடங்கினார். லட்சுமியும் சரஸ்வதியும் வண்ணத் தாள்களாகச் சந்தைக்கு வந்தார்கள். மதுரை மீனாட்சி கோயிலுக்குள் நம் ஜனங்கள் கால் வைத்தது 1939இல். கோயில் கதவு திறப்பதற்கு வெகுநாள் முன்பே சாமி தாள் வழியாகத் தெருவுக்கு வந்துவிட்டது. காசு கொடுத்தவன் எவனாயிருந்தாலும் படம் அவனுடையது. அச்சு இயந்திரத்துக்குத் தீட்டுத் தெரியாது. பிறகு கோவில்பட்டியில் கொண்டையராஜுவும் அவர் சீடர்களும் வரைந்தார்கள், சிவகாசி அடித்துத் தள்ளியது, காலண்டர் தொங்காத குடிசை இல்லை என்றானது. அண்ணல் அம்பேத்கர் கோட்டும் கண்ணாடியுமாக நம் ஒவ்வொரு வீட்டிலும் நிற்பதும் அச்சினால்தான். அந்தப் படம் ஒன்றே ஒன்றாக எவன் மாளிகையிலோ இருக்க வேண்டிய படமல்ல. அது கோடியாய்ப் பெருக வேண்டிய படம். அதைக் கழற்றச் சொல்ல நான் பைத்தியமில்லை.

ஆனால் அந்தக் காலண்டர் சாமி வரும்போது தன் நிறத்தையும் மூக்கையும் பட்டுப்புடவையையும் கூட்டிக்கொண்டுதான் வந்தது. மூன்று தலைமுறையாக நாம் அண்ணாந்து பார்த்த முகங்களில் ஒன்றாவது நம் அம்மா முகம் மாதிரி இருந்ததா? களை பறிக்கிற கை, கல் உடைக்கிற தோள், வெத்திலை போட்ட வாய், ஏதாவது ஒன்று? அழகு என்றால் அது நம் வீட்டில் இல்லாதது என்று அந்தப் படங்கள் தினமும் காலையில் நமக்குப் பாடம் எடுத்தன. இன்றைக்கு ஏழு குதிரையும் அதே பாடத்தைத்தான் எடுக்கிறது. சாமி போய் வாஸ்து வந்திருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

'ஒரிஜினல் பெயிண்டிங்' என்ற சொல்லே நமக்குப் பயம் காட்டுகிற சொல். நகரத்து ஓவியக்கூடம் ஒன்றின் வாசலில் நின்று பாருங்கள். கண்ணாடிக் கதவு, உள்ளே குளிர், செருப்பைப் பார்க்கிற வாட்ச்மேன். உள்ளே வராதே என்று யாரும் சொல்லவில்லை. படத்துக்குக் கீழே விலை எழுதியிருக்காது. விலை எழுதாத கடை நமக்கான கடை இல்லை என்று நம் கால்களுக்கே தெரியும், மூளை சொல்ல வேண்டியதில்லை. டீக்கடையில் தனி கிளாஸ் வைத்தவன்கூட போர்டு எழுதி மாட்டவில்லையே. எங்கே நிற்க வேண்டும் என்பதை இந்த நாட்டில் பலகையில்லாமலே சொல்லிக்கொடுக்க முடியும்.

இந்தப் பக்கம் இப்படி. நம் பக்கத்துத் தோழர்கள் என்ன சொல்கிறார்கள்? சோத்துக்கே சிங்கியடிக்கிறவனுக்குச் சித்திரம் எதுக்கு என்கிறார்கள். முதலில் சோறு, அப்புறம் நிலம், அப்புறம் அதிகாரம், கடைசியாகக் கலை. வரிசையைப் பாருங்கள், எவ்வளவு ஒழுங்கு! இதே வரிசையைச் சொல்லித்தானே நம் தாத்தனைப் பள்ளிக்கூடத்துக்கு வெளியே உட்கார வைத்தான்? உனக்கு எதுக்குப் படிப்பு, முதல்ல மாட்டப் புடி என்று? 1930களில் அண்ணல் பம்பாய் தாதரில் ராஜகிருகம் கட்டினார். யாருக்காக? தன் ஆயிரக்கணக்கான புத்தகங்களுக்காக. மக்களில் பாதிப்பேருக்குக் கூரை இல்லை, புத்தகத்துக்கு வீடா என்று அவரைக் கேட்பீர்களா? பசித்தவனுக்குக் கண் இல்லை என்று நினைப்பது மேல்சாதிக்காரனின் நினைப்பு. அதை நம் வாயால் நாமே சொல்ல வேண்டாம்.

பசித்தவர்கள் வரைந்த கதை ஒன்று உண்டு. அது பீகாரில், மிதிலையில் நடந்தது.

1934இல் பெரிய பூகம்பம். மதுபனியில் அதிகாரியாக இருந்த ஆர்ச்சர் என்ற வெள்ளைக்காரர் சேதம் பார்க்கப் போகிறார். இடிந்த வீடுகளின் உள்சுவர்களில் ஓவியங்களைப் பார்க்கிறார். கல்யாண அறைகளில் பெண்கள் காலங்காலமாக வரைந்துவந்தவை. 1949இல் 'மார்க்' பத்திரிகையில் அதைப் பற்றி எழுதினார். வெளியுலகுக்குத் தெரிந்தது. 1966-67இல் அங்கே கொடும் வறட்சி. பெண்களுக்கு ஏதாவது வருமானம் வேண்டுமே என்று அகில இந்தியக் கைவினைப் பொருள் வாரியம் பாஸ்கர் குல்கர்னி என்ற ஓவியரைக் கையில் தாளோடு அனுப்பியது. சுவரில் வரைந்ததைத் தாளில் வரைந்து கொடுங்கள், விற்றுத் தருகிறோம் என்றார்கள். இன்று உலகம் முழுக்க 'மதுபனி பெயிண்டிங்' என்று விற்பது அப்படிப் பிறந்ததுதான். நன்றாகக் கவனியுங்கள் தோழர்களே: பஞ்சத்தில் பிறந்தது. சோத்துக்கு அப்புறம் கலை வரவில்லை. கலை போய்ச் சோறு கொண்டுவந்தது.

ஆனால் முதலில் தாள் யார் கைக்குப் போயிற்று? பார்ப்பன வீட்டுப் பெண்களுக்கும் காயஸ்த வீட்டுப் பெண்களுக்கும். வண்ணம் நிரப்புவது ஒரு பாணி, கோடு கோடாக இழைப்பது இன்னொரு பாணி. இரண்டும் அந்தச் சாதிகளின் பெயரிலேயே அறியப்பட்டன. ராமன், சீதை, கிருஷ்ணன், தாமரை, மூங்கில். அதே ஊர்களில்தான் துசாத் மக்களும் இருந்தார்கள். பாஸ்வான் என்று பட்டம் போட்டுக்கொள்கிற, தீண்டாமைக்கு ஆளான சாதி. அந்தப் பெண்களிடம் கல்யாண அறை ஓவியம் கிடையாது. அவர்களிடம் இருந்தது அவர்கள் தோல். கையிலும் காலிலும் குத்திய பச்சை. அங்கே அதற்குப் பெயர் கோத்னா. 1970களில் ஜித்வார்பூர் கிராமத்துச் சானோ தேவி உடம்பிலிருந்த பச்சையைத் தாளுக்குக் கொண்டுவந்தார். எரிகா மோசர் என்ற ஜெர்மன் ஆய்வாளர் பக்கத்திலிருந்து ஊக்கம் கொடுத்தார். மூங்கில் குச்சி, விளக்குக் கரி மை. வரிசை வரிசையாய்ச் சின்னக் கோடுகள், வட்டங்கள், பூ, யானை, குதிரை, மனுஷர். தாளுக்குச் சாணிக் கரைசல் பூசிக் காயவைத்து அதன்மேல் வரைகிற வழக்கமும் வந்தது. நம் வீட்டுத் தரை நிறம்! கதைக்கு ராமனைத் தேடிப் போகவில்லை. ராஜா சல்ஹேஸ் என்று அவர்களுக்கே ஒரு வீரன் உண்டு, நமக்கு மதுரைவீரனும் காத்தவராயனும் போல. அவனை யானைமேல் ஏற்றித் தாளில் உட்கார வைத்தார்கள்.

சொல்லுங்கள் இப்போது. இது அலங்காரமா? உனக்குச் சுவர் இல்லை என்றார்கள், என் தோலே சுவர் என்றாள். உனக்குச் சாமி இல்லை என்றார்கள், என் ஆளை வரைகிறேன் பார் என்றாள். நாம் மேடையில் மைக் பிடித்துப் பேசுகிற கலக அழகியலை அவள் திண்ணையில் உட்கார்ந்து மூங்கில் குச்சியால் செய்து முடித்துவிட்டாள்.

அதே மிதிலையில் துலாரி தேவி இருக்கிறார். மல்லா எனும் மீனவச் சாதி. ஓவியர் வீட்டில் வீட்டுவேலை செய்தவர். பெருக்கித் துடைத்துக்கொண்டே பார்த்துக் கற்றவர். அவர் கதையை அவர் படங்களோடு 2010இல் புத்தகமாகப் போட்டது சென்னையிலுள்ள தாரா புக்ஸ். 2021இல் பத்மஸ்ரீ கிடைத்தது. கோத்னா வரைகிற சாந்தி தேவி, சிவன் பாஸ்வான் தம்பதிக்கு 2024இல் பத்மஸ்ரீ. காயஸ்தப் பெண்ணான ஜகதம்பா தேவிக்கு மதுபனி ஓவியத்துக்காக அதே விருது எந்த வருஷம் தெரியுமா? 1975. கழித்துப் பாருங்கள், 49 வருஷம். நான் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன், இந்தக் கழித்தல் எனக்கு வேகமாக வரும்.

2024இல் சென்னையில் ஒரு கைவினைக் கண்காட்சி. மூலையில் ஒரு கோத்னா கடை. மேலே அட்டையில் 'மதுபனி பெயிண்டிங், பீகார்' என்று மட்டும் எழுதியிருந்தது. ஊர் பெயர் உண்டு, மாநிலம் பெயர் உண்டு, வரைந்த பெண் பெயர் இல்லை. கதர் ஜிப்பா போட்ட ஒருவர் தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். 'கலரே இல்லியேம்மா, ராதா கிருஷ்ணா வெச்சிருக்கியா?' என்றார். ஒரு படம் 900 என்றாள் அந்த அம்மா. 'ரெண்டு சேத்து எட்டு நூறு' என்றார். அவள் தலையசைத்ததும் தாளைப் போட்டுவிட்டுப் போய்விட்டார். இந்தி தினத்துக்கு பேங்க்கில் சொல்லிக்கொடுத்த பத்து வார்த்தை அன்றைக்குத்தான் எனக்கு உபயோகப்பட்டது. பெயர் கேட்டேன். யாருடைய பெயர், கடைக்காரர் பெயரா என்று திருப்பிக் கேட்டாள். இல்லம்மா, வரைஞ்சவங்க பேர் என்றேன். நான்தான் என்று சொல்லி, மூலையில் தன் பெயரை எழுதிக் கொடுத்தாள். எத்தனை நாள் ஆச்சு என்றேன். நாலு நாள் என்று விரலைக் காட்டினாள்.

சொன்ன 900ஐக் கொடுத்தேன். அதில் தியாகம் எதுவும் இல்லை, பஸ் டிக்கெட்டுக்கு யாரும் பேரம் பேசுவதில்லை. பஸ்ஸில் திரும்பும்போதுதான் கணக்குப் போட்டேன். 900ஐ நாலால் வகுத்தால் நாளொன்றுக்கு 225. அதில் தாள், மை, ரயில் செலவு, தங்கிய செலவு எல்லாம் போக வேண்டும். அந்த வருஷம், 2024-25இல், தமிழ்நாட்டில் நூறுநாள் வேலைக்கு அறிவித்திருந்த கூலி நாளுக்கு 319 ரூபாய். ஏரி வேலைக்கு 319, உலகத்தில் ஒன்றேயான ஓவியத்துக்கு 225க்கும் கீழே. ஜிப்பாக்காரர் கேட்ட விலைக்குக் கொடுத்திருந்தால் நாளுக்கு 100. இதற்குப் பெயர்தான் நாட்டில் 'மலிவான அசல் கலை'.

இங்கே என் தொழிலில் இருந்து ஒன்று சொல்கிறேன். நகைக்கடையில் நம் ஜனங்கள் செய்கூலி, சேதாரம் என்று கேட்டதைக் கேட்டபடி கொடுக்கிறார்கள். அதே நகை எங்கள் கிளைக்கு அடகுக்கு வரும்போது மதிப்பீட்டாளர் உரசிப் பார்ப்பார், எடை போடுவார், கல்லைக் கழிப்பார், தங்கத்துக்கு மட்டும் மதிப்பு எழுதுவார். செய்த ஆசாரியின் கைக்கு எங்கள் லெட்ஜரில் ஒரு பைசா மதிப்பில்லை. இந்தச் சமூகம் முழுவதும் அந்த லெட்ஜர் மாதிரிதான். பொருளுக்கு மதிப்பு, கைக்குக் கிடையாது. ஓவியத்தில் என்ன நடக்கிறது? தாள் பத்து ரூபாய், மை அதைவிடக் குறைவு. மிச்சம் அத்தனையும் செய்கூலிதான். அதனால்தான் அதைப் பார்த்ததும் நமக்குப் பேரம் பேச வாய் வருகிறது. பிளாட்டினம் என்றால் வாய் மூடிக்கொள்கிறது, கை என்றால் வாய் திறக்கிறது. கையால் பிழைத்த பரம்பரை நாம். கைக்குக் கூலி குறைக்கிற வேலையை நாமும் செய்தால் ஆண்டைக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்?

அப்போ ஏழை எப்படித்தான் வாங்குவது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. யார் கூலியையும் வெட்டாமல் விலை குறைவதற்கு மூன்று வழி இருக்கிறது.

ஒன்று, சின்னப் படம் வாங்குவது. அஞ்சலட்டை அளவு, நோட்டுப்புத்தக அளவு. ஒரே நாளில் வரைந்த படத்துக்கு ஒரு நாள் கூலி. சின்னச் சுவருக்குச் சின்னப் படம் போதும். பெரிய படத்தைச் சின்ன விலைக்குக் கேட்பதுதான் அயோக்கியத்தனம்.

இரண்டு, பலபேர் பங்கு போட்டுக்கொள்கிற படம். லினோ தகட்டிலோ மரத்திலோ ஓவியரே செதுக்கி, மை தடவி, கையால் அழுத்தி எடுக்கிற அச்சு. படத்துக்குக் கீழே பென்சிலால் 3/20 என்று எழுதியிருந்தால் இருபது பிரதிகளில் மூன்றாவது என்று அர்த்தம். இது சிவகாசி அச்சு இல்லை. ஒவ்வொன்றும் அசல்தான், ஓவியரின் கை பட்டதுதான். உழைப்பு இருபது பேருக்குப் பகிர்ந்து போவதால் விலை குறைகிறது. சித்தப்ரசாத் பட்டாச்சார்யா இதைத்தான் நம்பினார். 1943 வங்கப் பஞ்சத்தைக் கால்நடையாகச் சுற்றி வரைந்து அவர் கொண்டுவந்த 'பசித்த வங்காளம்' புத்தகத்தை வெள்ளை அரசு பறித்து அழித்தது. அவர் லினோவில் செதுக்கிச் செதுக்கி அச்செடுத்தார், சாதாரண ஜனத்தின் கைக்குப் போகட்டும் என்று.

மூன்று, நேரடியாக வாங்குவது, தவணையில் வாங்குவது. டி.வி.க்குத் தவணை கட்டுகிறோம், பைக்குக்குக் கட்டுகிறோம். ஓவியரிடம் நேரில் கேட்டால் இரண்டு மாதத்தில் கொடுங்கள் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நடுவில் தரகன் இல்லாவிட்டால் கொடுத்த காசு முழுசாக வரைந்தவருக்குப் போகும்.

எங்கே போய்த் தேடுவது? கண்ணாடிக் கதவுக்குப் போக வேண்டாம். சென்னையில் 1850இல் தொடங்கிய அரசு கவின்கலைக் கல்லூரி இருக்கிறது. கும்பகோணத்தில் ஒன்று இருக்கிறது. மாணவர்கள் கண்காட்சி வைக்கும்போது போங்கள். நம் வீட்டுப் பிள்ளைகள் அங்கே படிக்கிறார்கள். வர்ணம் வாங்கக் காசில்லாமல் பெயிண்ட் கடை டப்பாவில் வரைகிறார்கள். முதல் படத்தை வாங்குகிற ஆளை அவர்கள் சாகிறவரை மறக்க மாட்டார்கள். கிரீம்ஸ் சாலையில் லலித் கலா அகாதமியில் அச்சோவியப் பட்டறை இருக்கிறது, அங்கே செதுக்குகிறவர்களிடம் பேச்சுக் கொடுங்கள். பெங்களூரில் 2003 முதல் கர்நாடக சித்ரகலா பரிஷத் வருஷத்துக்கு ஒருமுறை சித்ரசந்தை நடத்துகிறது. தெரு முழுக்க ஓவியர்கள் தங்கள் படத்தோடு உட்கார்ந்திருப்பார்கள், நூறு ரூபாய்ப் படமும் உண்டு. காய்கறிச் சந்தை மாதிரி நடந்து நடந்து பார்க்கலாம், செருப்பைப் பார்க்க ஆளில்லை. சாந்திநிகேதனில் டிசம்பர் முதல் இரண்டு நாள் நந்தன் மேளா. ஆசிரியர்களும் மாணவர்களும் செய்ததை விற்று, வருகிற பணத்தை மாணவர் நலனுக்கு வைக்கிறார்கள். இதெல்லாம் தூரம் என்றால், நம் சிற்றிதழ்களில் பேனாச் சித்திரம் போடுகிறவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். அச்சுக்குப் போன பிறகு அந்த மூலப்படம் அவர் வீட்டுப் பரணில் கிடக்கிறது. கடிதம் போட்டுக் கேளுங்கள். காசு கொடுத்துக் கேளுங்கள். கவிஞனுக்குக் கைதட்டுப் போதும், ஓவியனுக்கு டீ போதும் என்று நம் இயக்கங்களே நினைத்துக்கொண்டிருக்கின்றன.

ஏமாற்றும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். மதுபனி என்று சொல்லி ஸ்கிரீனில் அடித்த தாளை விற்கிறார்கள். எங்கள் நகை மதிப்பீட்டாளரின் உருப்பெருக்கிக் கண்ணாடியில் வைத்துப் பாருங்கள். ஆப்செட்டில் அடித்ததானால் புள்ளி புள்ளியாகத் தெரியும். ஸ்கிரீனில் அடித்ததானால் கோடு முழுக்க மை ஒரே கனத்தில் கிடக்கும். கையால் போட்டதில் குச்சியை மையில் தோய்த்த இடத்தில் கறுப்பாகத் தொடங்கி, போகப்போக வெளுத்து, மறுபடி கறுக்கும். பதினாறு வட்டம் போட்டால் பதினாறும் பதினாறு விதமாக இருக்கும். கவுண்டரில் தினமும் கையெழுத்துச் சரிபார்க்கிறவனாகச் சொல்கிறேன், கள்ளக் கையெழுத்து தயங்கித் தயங்கிப் போகும், நிஜக் கையெழுத்து ஓடும். கோடும் அப்படித்தான்.

வாங்கியதைச் சட்டம் போடும் கடைக்குக் கொண்டுபோனால், லேமினேட் பண்ணிடலாம் சார், சீப்பா முடியும் என்பான். பண்ணாதீர்கள். ஒட்டியதைத் திரும்பப் பிரிக்க முடியாது, தாள் செத்துப்போகும். சுற்றிலும் அட்டை வைத்து, கண்ணாடி படத்தில் படாமல் சட்டம் போடச் சொல்லுங்கள். வெயில் நேராக விழுகிற சுவரும் மழைக்கு ஊறுகிற சுவரும் ஆகாது. வருஷத்துக்கு ஒருமுறை இறக்கி, பின்பக்கம் ராமபாணப் பூச்சி அரித்திருக்கிறதா என்று பாருங்கள். சட்டத்துக்கு ஆகிற செலவு சில சமயம் படத்தின் விலையைத் தாண்டும். அப்போது கோபப்பட வேண்டியது சட்டத்தின் விலை மேல் அல்ல, படத்தின் விலை அவ்வளவு கீழே இருக்கிறதே என்றுதான்.

பின்னால விலை ஏறுமா, முதலீடா என்று கேட்கிறவருக்கு ஒரே பதில்: அதற்கு ஃபிக்சட் டெபாசிட் இருக்கிறது, வாங்க, நானே ஃபாரம் நிரப்பித் தருகிறேன். ஜாமினி ராய் தன் படங்கள் சாதாரண வீடுகளுக்குப் போக வேண்டும் என்று சொற்ப விலைக்குக் கொடுத்தார். 1972இல் செத்துப்போனார். இன்று அவர் படம் தேசியக் கலைச்செல்வம், நாட்டை விட்டு வெளியே கொண்டுபோகச் சட்டம் விடாது, ஏலத்தில் லட்சங்கள் பறக்கின்றன. எந்த வீடுகளுக்கென்று வரைந்தாரோ அந்த வீடுகளில் இன்று அவர் படம் எங்கே? விலை ஏறியது, ஜனம் கீழேயே நின்றது. முதலீட்டுக்கு வாங்கியவன் கைக்குப் போன கலைக்கு நடப்பது இதுதான். நாம் அதற்காக வாங்க வேண்டாம். பார்க்க வாங்குவோம். நம் பிள்ளை சோறு தின்றுகொண்டே பார்க்கட்டும். இது யாரும்மா போட்டது என்று கேட்கட்டும்.

அந்தக் கேள்விக்குப் பதில் இருக்க வேண்டும், அதுதான் முக்கியம். மில்லில் அடித்த குதிரைக்குப் பதில் கிடையாது. கையால் வரைந்ததற்கு உண்டு, ஆனால் வாங்கும்போதே கேட்டு வைத்திருந்தால் மட்டும். நாட்டுப்புறக் கலை, பழங்குடிக் கலை, கைவினை என்றெல்லாம் கௌரவமாகப் பெயர் வைத்துப் பெயரை அழிக்கிற வேலை இந்த நாட்டில் வெகுகாலமாக நடக்கிறது. எண்ணெய் வர்ணத்தில் போட்டவன் ஓவியன், அவனுக்குப் பெயர் உண்டு. சாணித்தாளில் போட்டவள் 'பீகார்'.

ஆகவே நண்பர்களே, அடுத்த முறை வீட்டுக்கு ஏதாவது வாங்கும்போது குதிரைகளை அவிழ்த்து அனுப்பிவிடுங்கள். உங்கள் வசதிக்குத் தக்க சின்னதாக ஒன்று வாங்குங்கள். சொன்ன விலையைக் கொடுங்கள். பெயரைக் கேளுங்கள். ஊரைக் கேளுங்கள். படத்துக்குப் பின்னால் உங்கள் கையால் வாங்கிய தேதியோடு எழுதி வையுங்கள். நம் பாட்டன்கள் கட்டிய கோயிலில் அவர்கள் பெயர் இல்லை, வெட்டிய ஏரியில் இல்லை, சுட்ட செங்கல்லில் இல்லை. நம் வீட்டுச் சுவரிலாவது வேலை செய்த கைக்குப் பெயர் இருக்கட்டும்.